நுரையின் மேல் மூடி

வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில், நொதித்து முடிந்த பீரில் அளவாகச் சர்க்கரை கலந்து, பாட்டிலில் ஊற்றி, மூடி அடித்து, இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்துவிடுவார்கள். பீரில் எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை உண்டாக்கும். வெளியேற வழியில்லாத வாயு பீரிலேயே கரைந்துவிடும். 19 லிட்டர் பீருக்கு 110 முதல் 140 கிராம் சர்க்கரை போதும். இரண்டாவது வழியில் பீர் முதலில் கெக் என்னும் எஃகுக் கலத்துக்குள் போகிறது. அங்கே சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றி, குளிரவைத்து, குடிக்கத் தயாரான நிலையில் பாட்டிலுக்கு மாற்றுகிறார்கள். முதல் வழியில் பொறுமை இருந்தால் போதும். இரண்டாவதற்குக் கை பழக வேண்டும்.

கெக் வைத்திருப்பவர் எதற்குப் பாட்டில் பக்கம் போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாட்டில் கழுவும் தொல்லை வேண்டாம் என்றுதானே கெக் வாங்குகிறார்கள்? ஒரு கெக் பீருக்கு 355 மில்லிலிட்டர் பாட்டில் ஐம்பதுக்கு மேல் வேண்டும். ஐம்பதையும் கழுவி, நிரப்பி, மூடி அடித்தவர் அடுத்த மாதமே கெக் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் நண்பர் வீட்டு விருந்துக்குக் கெக்கையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. போட்டிக்கு அனுப்பவும் முடியாது. இன்னொரு காரணம் இடம். குளிர்பெட்டியில் இரண்டு கெக்குக்குத்தான் இடம் இருக்கும். மூன்றாவது பீர் நொதித்து முடிந்து காத்திருக்கும். முதல் கெக்கின் அடியிலோ நான்கு லிட்டர் மிச்சம் கிடக்கும். அந்த நான்கு லிட்டரைப் பாட்டிலில் எடுத்துவிட்டால் கெக் காலியாகிவிடும். ஆகவே இந்த வேலை பெரும்பாலும் முழுக் கெக்குக்கும் நடப்பதில்லை. ஆறு பாட்டில், பன்னிரண்டு பாட்டில் என்ற கணக்கில்தான் நடக்கிறது.

தெளிவு இதில் கிடைக்கும் இன்னொரு லாபம். சர்க்கரை போட்டு அடைத்த பாட்டிலின் அடியில் ஈஸ்ட் மண்டியாகப் படியும். கள் பானையின் அடி மண்டியைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. கடைசி வாய்வரை ஊற்றினால் மண்டி கிளாஸில் கலங்கி வரும். கெக்கில் பீர் வாரக்கணக்கில் குளிரில் நிற்பதால் மண்டி அங்கேயே அடங்கிவிடுகிறது. பாட்டிலுக்கு வருவது தெளிந்த பீர்.

இந்தக் கைவேலை இன்று இருக்கும் வடிவத்தில் வளர்ந்தது அமெரிக்க வீடுகளின் கார் கொட்டகைகளில். 1920 முதல் 1933 வரை அங்கே நாடு தழுவிய மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகு வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், 1979 பிப்ரவரியிலிருந்து அந்தக் குறையைத் தீர்த்தது. வயதுவந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. ஆனாலும் மாநிலச் சட்டங்கள் தனி. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இறங்கிவந்தன. பிரிட்டனில் உரிமம் வாங்கும் கட்டாயம் 1963இலேயே நீங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். இங்கே சொல்லப்படுவது அனுமதி உள்ள நாடுகளின் பழக்கம்.

வீட்டுக்காரர்கள் பயன்படுத்தும் கெக் பீருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அது சோடாக் கம்பெனிகளின் பழைய கலம். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இனிப்புச் சாற்றைக் கொண்டுபோகச் செய்த ஐந்து காலன் எஃகு உருளை, கொள்ளளவு 18.9 லிட்டர். கார்னீலியஸ் என்ற கம்பெனியின் பெயரால் அதைக் ‘கார்னி கெக்’ என்பார்கள். சாற்றைப் பெட்டிக்குள் வைத்த பையில் அனுப்பும் முறை வந்ததும் இந்தக் கலங்கள் வேலையிழந்து, பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. பீர் காய்ச்சுபவர்களுக்கு அது புதையல் மாதிரி. பெப்சி பயன்படுத்திய கலத்தின் இணைப்பு ஒருவகை, கோக் பயன்படுத்தியது வேறுவகை. முதலாவது ‘பால் லாக்’, இரண்டாவது ‘பின் லாக்’. ஒன்றின் மூட்டு மற்றொன்றில் பொருந்தாது. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு, விருந்து நாளன்று மூட்டைத் தேடி அலைவது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறை படும் அவதி.

கெக்கின் தலையில் முட்டை வடிவ மூடி ஒன்றும், இரண்டு முனைகளும் இருக்கும். ஒரு முனையில் கேஸ் உள்ளே போகும். அதன் குழாய் குட்டையானது. மற்ற முனையில் பீர் வெளியே வரும். அதன் குழாய் கெக்கின் அடிவரை நீளும். மேலிருந்து கேஸ் அழுத்த, அடியிலிருந்து பீர் ஏறிவரும். குழாய் அடியைத் தொடுவதால், அங்கே படிந்த மண்டிதான் முதலில் வரும். பாட்டில் வேலையைத் தொடங்குமுன் முதல் அரைக் கிளாஸை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். தெளிவுக்காகத்தான் இவ்வளவு பாடு; முதல் பாட்டிலே கலங்கலாக இருந்தால் பாடு வீண்.

பீரில் கரைந்த கேஸை ‘வால்யூம்’ என்று அளக்கிறார்கள். இரண்டரை வால்யூம் என்றால் ஒரு லிட்டர் பீருக்குள் இரண்டரை லிட்டர் கேஸ் கரைந்திருக்கிறது என்று பொருள். எடையில் சொன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம். அமெரிக்க ஏல் வகைகளுக்கு 2.4 முதல் 2.6 வரை வழக்கம். ஆங்கிலேயரின் மரப்பீப்பாய் ஏல் 2-க்கும் கீழே நிற்கும். ஜெர்மன் கோதுமை பீர் 3.5-ஐயும் தாண்டும். எவ்வளவு கேஸ் கரையும் என்பதை அழுத்தமும் குளிரும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அழுத்தம் கூடினால் கரைவது கூடும் என்பது 1803இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. 4 டிகிரி செல்சியஸில் இரண்டரை வால்யூம் பிடித்துவைக்க 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தம் போதும். அதே பீர் 20 டிகிரியில் இருந்தால் 28 பி.எஸ்.ஐ. வேண்டும். பாட்டில் அடைப்பில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. சூடான பீரில் கேஸ் தங்காது. வழி கிடைத்தால் நுரையாகக் கிளம்பிவிடும்.

சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அறை வெப்பத்தில் கரியமில வாயு சிலிண்டரின் மீட்டர் 800 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். உள்ளே திரவம் ஒரு துளி இருக்கும்வரை அந்த முள் அசையாது. அசையத் தொடங்கும்போது கேஸ் தீரப்போகிறது என்று அர்த்தம். சமையல் கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப்பார்த்துச் சொல்கிறோமே, அதே கதைதான். மீட்டரை நம்பாமல் தராசை நம்புவது நல்லது. மூடிய சிறு அறையில் இந்த வாயு கசிந்தால் மூச்சுக்கு ஆபத்து. ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும்.

இனி பாட்டில். குடித்து முடித்த உடனேயே மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்தால் பிறகு வேலை மிச்சம். காயவிட்டால் அடியில் பூஞ்சை வட்டம் பிடிக்கும். அதை ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போனதா இல்லையா என்ற சந்தேகம் தீராது. ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, வாய் வழியாக அடியைப் பார்ப்பது பழகியவர்களின் வழக்கம். கறை தெரிந்த பாட்டில் குப்பைக்குப் போகும். திருகுமூடி பாட்டிலின் கழுத்து மெல்லியது, அடிக்கும் மூடி அதில் சரியாக உட்காராது. அதுவும் குப்பைக்கே. நிறம் பழுப்பாக இருக்கட்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் மேல் வெயில் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகி, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்தைக் கொடுக்கும். வெள்ளைக் கண்ணாடியில் நல்ல வெயில் பட்டால் இது நடக்கச் சில நிமிடங்களே போதும். பழுப்பு நிறம் அந்த ஒளியைப் பெரிதும் தடுக்கிறது.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயன் இல்லை. சுத்தமான பாட்டிலுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ‘ஸ்டார் சான்’ போன்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலிட்டர் போதும்; ஓரிரு நிமிடம் பட்டால் வேலை முடிந்துவிடும். மறுபடி அலசத் தேவையில்லை. இது கொஞ்சம் நுரைக்கும். பாட்டிலில் நுரை மிச்சமிருப்பதைப் பார்த்துப் புதியவர் பதறி, குழாய்த் தண்ணீரில் அலசிவிடுவார். அலசிய தண்ணீரோடு கிருமியும் திரும்பி வரலாம். அந்த அளவு நுரை பீரின் சுவையைத் தொடாது, விட்டுவிடலாம்.

கிருமி நீக்கிய பாட்டில்களின் வாயை அலுமினியத் தாளால் மூடி, ஈரத்தோடு ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். கருவிகளுக்கு ஆகும் செலவைவிட இந்த அரைமணி நேரம் அதிகம் உதவும். அறை வெப்பத்தில் இருக்கும் கண்ணாடியில் 2 டிகிரி பீர் பட்டால், கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கு உடனே சூடாகி, கேஸ் குமிழாகப் பிரியும். ஒரு குமிழ் கிளம்பினால் அது நூறு குமிழைக் கிளப்பும். பாட்டில் பீரைப்போலவே சில்லென்று இருந்தால், பீர் வீடு மாறியதையே அறியாது. நிரப்பும் குழாய், மூட்டு, கைப்பிடி எல்லாவற்றையும் குளிரவைப்பவர்களும் உண்டு. அது கொஞ்சம் அதிகம்தான். முதல் கிளாஸ் பீரைக் கொட்டும்போதே குழாய் குளிர்ந்துவிடும்.

கெக்கை முடிந்தவரை குளிரவிட வேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நிரப்பும்போது கொஞ்சம் கேஸ் போகத்தான் செய்யும் என்பதால், அதற்குச் சில நாள் முன்பே அழுத்தத்தை இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றிவைப்பவர்கள் உண்டு. வேலை தொடங்கும் நேரத்தில் சிலிண்டரை அடைத்து, கெக் மூடியில் உள்ள வால்வை இழுத்து மேலே நிற்கும் கேஸை வெளியேற்றி, ரெகுலேட்டரை 2 முதல் 4 பி.எஸ்.ஐ.க்கு இறக்க வேண்டும். இப்போது பீர் மெதுவாக, சத்தமில்லாமல் ஓடும். ஆனால் இந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் நெடுநேரம் விட்டால் கரைந்த கேஸ் மெல்ல மேலே வந்துவிடும். குழாய்க்குள் குமிழ் தெரியத் தொடங்கினால் அதுதான் அறிகுறி. ஆகவே எல்லாப் பாட்டிலும் மூடியும் கைக்கெட்டும் தூரத்தில் தயாரான பிறகே அழுத்தத்தை இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் 12-க்குத் திருப்பிவைக்க மறந்தால், அடுத்த வாரம் கெக்கிலிருந்து வருவது சோர்ந்துபோன பீர்.

நிரப்பும் கருவிகளில் மூன்று வகை வழக்கத்தில் இருக்கின்றன. மிக எளியது, பிக்னிக் குழாய் என்னும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்முனையில், பாட்டிலின் அடிவரை எட்டும் ஒரு விறைப்பான குழாயைச் செருகி, அந்தக் குழாயில் துளையிட்ட ரப்பர் தக்கை ஒன்றை மாட்டியது. குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு, தக்கையை வாயில் அழுத்திக் குழாய்முனையைத் திறந்தால் பீர் அடியிலிருந்து ஏறும். பாட்டிலில் இருந்த வாயு போக வழியில்லாமல் இறுகி எதிர்த்து அழுத்தும். அழுத்தம் சமமானதும் பீர் தானாக நின்றுவிடும். அப்போது கட்டைவிரலால் தக்கையின் ஓரத்தை இம்மியளவு நெம்ப வேண்டும். ‘புஸ்’ என்று கொஞ்சம் வாயு போகும், பீர் இன்னும் இரண்டு விரற்கடை ஏறி நிற்கும். மறுபடி ஒரு நெம்பல். இப்படி ஆறேழு நெம்பலில் பாட்டில் நிறைந்துவிடும், நுரை பெரிதாக இருக்காது. தக்கையை முழுதாகத் தூக்கினாலோ, உள்ளே அடங்கிக் கிடந்த கேஸ் ஒரேயடியாகப் பொங்கி முழங்கையை நனைக்கும்.

இந்த எதிரழுத்தத்தையே முறையான கருவியாக்கினால் இரண்டாவது வகை. அதில் மூன்று வால்வுகள்: கேஸுக்கு ஒன்று, பீருக்கு ஒன்று, வெளியேற்ற ஒன்று. முதலில் கேஸையும் வெளியேற்றும் வால்வையும் திறந்து, பாட்டிலில் உள்ள காற்றைத் துரத்துகிறார்கள். பிறகு வெளியேற்றுவதை அடைத்துப் பாட்டிலைக் கெக்கின் அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அடுத்து கேஸை அடைத்துப் பீரைத் திறந்து, வெளியேற்றும் வால்வை மிக மெதுவாகத் தளர்த்துகிறார்கள். பெரிய ஆலைகளில் ஓடும் எந்திரமும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. வீட்டில் இதன் குறை ஒன்றே ஒன்று: மூன்று வால்வு, ஒரு பாட்டில், மனிதனுக்கு இரண்டு கை. பக்கத்தில் ஒருவர் உதவிக்கு இருந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. தனியாளுக்கு, ஒரு டஜன் பாட்டிலுக்கு, இதைக் கழற்றிக் கழுவும் நேரம் நிரப்பும் நேரத்தைவிட நீளும்.

மூன்றாவது, பிளிக்மன் நிறுவனம் பிரபலமாக்கிய ‘பீர் கன்’. நீண்ட எஃகுக் குழல், கைப்பிடியில் ஒரு விசை, கேஸுக்குத் தனிப் பொத்தான். முதலில் பொத்தானை அழுத்திப் பாட்டிலில் கேஸை நிரப்புகிறார்கள், பிறகு விசையை அழுத்திப் பீரை. இதில் எதிரழுத்தம் கிடையாது. பீர் மெதுவாக ஓடுவதை நம்பியே எல்லாம் நடக்கிறது. அதற்காகத்தான் 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மூன்று மீட்டர் நீளக் குழாயை இடையில் போடுகிறார்கள். அவ்வளவு நீளம் எதற்கு என்று வெட்டிவிட்டால் போச்சு. குழாயின் உராய்வுதான் பீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆறு, பன்னிரண்டு பாட்டிலுக்கு ரப்பர் தக்கையே தாராளம். மாதந்தோறும் ஒரு கெக்கைப் பாட்டிலாக்குபவர் ‘கன்’ வாங்கலாம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் பாட்டிலில் புதியவர் செய்வது ஒன்றுதான். பாட்டிலைக் குளிரவைத்திருக்க மாட்டார். அழுத்தம் 12-லேயே நிற்கும். பாதிப் பாட்டில் பீர், பாதிப் பாட்டில் நுரை. அதைக் கீழே வைத்து, நுரை அடங்கட்டும் என்று காத்திருப்பார். ஐந்து நிமிடத்தில் நுரை அடங்கும். அடங்கிய இடத்தை நிரப்பக் கொஞ்சம் பீர் ஊற்றுவார். மறுபடி நுரை, மறுபடி காத்திருப்பு. கடைசியில் கழுத்துவரை தெளிந்த பீர், மேலே இரண்டு விரல் வெற்றிடம். பார்க்க அழகாக இருக்கும், கடைப் பாட்டிலைப்போல. துடைத்து, மூடி அடித்து, வரிசையில் வைப்பார். நுரையை ஜெயித்துவிட்டோம் என்ற திருப்தி முகத்தில் தெரியும். மூன்று வாரம் கழித்து அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும்.

கெடுத்தது அந்த இரண்டு விரல் வெற்றிடம். நுரை அடங்கக் காத்திருந்த நேரத்தில் அதற்குள் காற்று இறங்கிவிட்டது. 20 மில்லிலிட்டர் காற்றில் 4 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. எடையில் 5 மில்லிகிராமுக்குச் சற்று மேலே. 355 மில்லிலிட்டர் பாட்டிலில் அது லிட்டருக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்குக்கு வரும். நல்ல ஆலைகள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கப் பாடுபடுகின்றன. நூற்றைம்பது மடங்கு வித்தியாசம். ஆக்சிஜன் மால்ட்டின் இனிப்பைத் தட்டையாக்கும், ஹாப்ஸ் மணத்தை அழிக்கும், நாளடைவில் காகித வாசத்தைக் கொடுக்கும். ஹாப்ஸ் அள்ளிப்போட்ட மங்கலான ஐ.பி.ஏ. பீர் வகைகளில் கண்ணாலேயே பார்க்கலாம்: ஆரஞ்சு நிறம் சில நாட்களில் சாம்பல் பழுப்பாக மாறிவிடும். சர்க்கரை போட்டு அடைக்கும் பழைய முறையில் இந்தக் காற்றில் ஒரு பங்கை ஈஸ்ட் உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த கெக் பீரில் அப்படி உறிஞ்ச அதிகம் யாரும் இல்லை. ஆகவே கெக்கிலிருந்து அடைப்பவர்தான் காற்றுக்கு அதிகம் பயப்பட வேண்டும்.

நுரைக்குப் பயப்படவே வேண்டாம், அளவோடு இருந்தால். நுரையின் ஒவ்வொரு குமிழுக்குள்ளும் இருப்பது கரியமில வாயு. கழுத்து முழுக்க நுரை நின்றால் காற்றுக்கு அங்கே இடமில்லை. பழகியவர் செய்வது இது: பாட்டிலில் கேஸை இருமுறை ஊதிவிடுவார். கரியமில வாயு காற்றைவிடக் கனம்தான். ஆனாலும் போர்வைபோல் அடியில் படுத்துக் காற்றை முழுதாகத் தள்ளிவிடும் என்று நம்பக் கூடாது, இரண்டும் கலந்துவிடும். அதனால்தான் இரண்டு முறை. பிறகு குழாய் உள்ளே இருக்கும்போதே விளிம்புவரை நிரப்புவார். குழாயை உருவியதும், அது அடைத்திருந்த இடத்தின் அளவுக்குப் பீர் இறங்கி, கழுத்தில் சரியான வெற்றிடம் தானாக அமையும். அந்தக் கணத்தில் நுரை வாய்வரை நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பாட்டிலின் தோளில் மூடி அடிக்கும் கருவியின் பிடியால் ஒரு தட்டு தட்டுவார். மணல்போல மெல்லிய நுரை எழுந்து வரும்; வாயை மீறி ஒரு சொட்டு வழியும்போது மூடியை வைத்து உடனே அடித்துவிடுவார். குழாயை உருவியதிலிருந்து மூடி விழும்வரை மூச்சு விடும் நேரம்தான்.

பாட்டிலின் வெளியே வழிந்த பீர் ஒட்டும். அதற்குச் சமையலறையிலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: பாத்திரம் கழுவும் எந்திரத்தின் கதவைத் தாழத் திறந்துவைத்து, அதன்மேல் பாட்டிலை நிறுத்தி நிரப்புவது. வழிவதெல்லாம் கதவில் விழும், வேலை முடிந்ததும் கதவை மூடினால் தீர்ந்தது. மூடி அடித்த பாட்டில்களை அப்போதே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எறும்பு முந்திக்கொள்ளும்.

இந்தத் தகர மூடி அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றது. முதலில் 24 பற்கள், இன்று 21. உள்ளே இருந்த தக்கைவட்டு போய் இப்போது பிளாஸ்டிக். அதற்கு இருபது ஆண்டு முன்பே ஆங்கிலேயர் ஹிராம் காட் வேறு வழியில் யோசித்திருந்தார். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கோலிக்குண்டு, வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே உள்ள கேஸே குண்டை வளையத்தில் அழுத்தி அடைத்துவிடும். அதுதான் நம்மூர்க் கோலிசோடா. பெயின்டரின் மூடிக்கு வெளியிலிருந்து கை பலம் வேண்டும். இரண்டு கைப்பிடி கொண்ட இறக்கைக் கருவி மலிவானது. மேசையில் நிறுத்தும் ஒற்றைப்பிடிக் கருவி விலை கூடியது. நுரை வழியும்போது ஒரு கையால் பாட்டிலைப் பிடித்து மறுகையால் மூடி அடிக்க வேண்டியிருப்பதால், கெக் வேலைக்கு மேசைக் கருவியே ஏற்றது. சில மூடிகளின் உள்வட்டு ஆக்சிஜனை உறிஞ்சும். கொஞ்சம் உதவும், தவறைத் திருத்தாது.

அடித்த மூடி சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கப் பாட்டிலை ஒரு நிமிடம் தலைகீழாகப் பிடித்தால் போதும். ஓரத்தில் குமிழோ ஈரமோ தெரிந்தால் அந்தப் பாட்டிலை அன்றே குடித்துவிடலாம்.

வெடிக்கும் பாட்டில் பற்றிய பயம் சர்க்கரை போடுபவர்களுக்குத்தான் என்று ஒரு எண்ணம் உண்டு. அது தவறு. கெக்கிலிருந்து எடுத்த பீரில் ஈஸ்ட் சாகவில்லை, குளிரில் தூங்குகிறது. நொதித்து முடியாத பீரைக் கெக்கில் அடைத்து, குளிரவைத்து, பாட்டிலில் எடுத்து அலமாரியில் வைத்தால் தூக்கம் கலைந்துவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று கேஸை ஏற்றிக்கொண்டே போகும். ஒருநாள் இரவு கண்ணாடி சிதறும். கெக்கில் அடைக்கும் முன், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் இதற்கு மருந்து. பழம் சேர்த்த பீரில் இது இரட்டிப்பு அவசியம். சாதாரண 355 மில்லிலிட்டர் பாட்டிலில் மூன்று வால்யூமுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஜெர்மன் கோதுமை பீருக்கும் பெல்ஜிய வகைகளுக்கும் கனமான பாட்டில் வேண்டும்.

போட்டிக்கு அனுப்பும் பாட்டிலுக்குத் தனிக் கவனம் தேவை. அமெரிக்க வீட்டுப் பீர் காய்ச்சுவோர் சங்கம் 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் தொடங்கப்பட்டது. பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் அமைப்பு 1985இல் வந்தது. அந்த அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. அதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10, வாயில் உணரும் தன்மைக்கு 5, தோற்றத்துக்கு 3. ஆக்சிஜன் கைவைப்பது சுவையிலும் மணத்திலும், அதாவது 32 மதிப்பெண்ணில். பாட்டிலில் பெயரோ அடையாளமோ இருக்கக் கூடாது. அச்சிட்ட மூடியை மார்க்கரால் கறுப்பாக்கிவிட வேண்டும். போட்டிப் பாட்டிலைக் கெக்கின் நடுப்பகுதியிலிருந்து எடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். தொடக்கத்தில் மண்டி வரலாம். முடிவில் குழாய் கேஸை உறிஞ்சித் துப்பி, பாட்டிலில் நுரை மட்டுமே நிறையும்.

அடைத்த பிறகு பாட்டில் குளிரிலும் இருட்டிலும் இருக்க வேண்டும். ஆலைப் பீரைப்போல இது வடிகட்டப்பட்டதோ, சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டதோ அல்ல. ஹாப்ஸ் மணத்துக்காகக் காய்ச்சிய பீரை ஒரு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஆல்கஹால் கூடிய பார்லி ஒயினும் கரிய ஸ்டௌட்டும் நன்றாக அடைத்திருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். க்ரௌலர் என்ற இரண்டு லிட்டர் ஜாடியில் குழாயடியில் பிடித்துக்கொடுத்த பீருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுவதே மரியாதை. பாட்டிலைப் பரிசாகக் கொடுப்பவர்கள் மூடியின் மேல் தேதியை எழுதிக் கொடுங்கள். நேரே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியும் கொடுங்கள். சொல்லாவிட்டால், வாங்கிக்கொள்பவர் அழகாக இருக்கிறதே என்று அதை வரவேற்பறை அலமாரியில் வைத்துவிடுவார்.